‘சேயும் நலம்’ என்பதற்குப் பொருள் தந்தவர்

பிரசவ அறையின் வாசலில் காத்திருக்கும் உறவினர்களிடம் செவிலியர் வந்து சொல்லும் முதல் செய்தி, தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பல தலைமுறைகளாக ஒன்றுதான்: தாயும் சேயும் நலம். தாய் நலமாக இருக்கிறார் என்பதை நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், இரத்தப்போக்கின் அளவு ஆகியவற்றைக் கொண்டு சொல்லிவிடலாம். சேய் நலம் என்பதை எதைக் கொண்டு சொல்வது? அழுதால் நிம்மதி, அழாவிட்டால் கவலை என்பதற்கு மேல், எழுபது ஆண்டுகளுக்கு முன்புவரை எல்லா மருத்துவர்களும் ஒப்புக்கொண்ட விடை எங்கும் இருக்கவில்லை. அந்த விடையைத் தந்தவர் வர்ஜீனியா அப்கார் என்ற அமெரிக்க மயக்கவியல் மருத்துவர். அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது.

புதுச்சேரியில் பச்சிளம் குழந்தைகளைக் கவனிக்கும் பணியிலேயே என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. பிரசவக் குறிப்பேட்டில் ‘அப்கார்’ என்ற சொல்லையும் அதன் எதிரே ஓர் எண்ணையும் எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அது ஏதோ ஒரு கருவியின் பெயர் என்றோ, ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் என்றோதான் பயிற்சி மாணவர்கள் பலர் எண்ணுகிறார்கள். ஒரு பெண்ணின் குடும்பப் பெயர் என்று சொன்னால் வியப்படைகிறார்கள். இந்த அறியாமையில் பெரிய கேடு இல்லை. ஆனால், அவர் எந்த நோக்கத்துக்காக அந்த எண்ணை உருவாக்கினாரோ, அதற்குத் தொடர்பே இல்லாத வகையில் அது இன்று பல வீடுகளில் வாசிக்கப்படுகிறது. அதனால் பெற்றோர் தேவையில்லாமல் கலங்குகிறார்கள். ஆகவே, அவருடைய வாழ்வை ஒருமுறை வரிசையாகச் சொல்வது பயனுடையது என்று கருதுகிறேன்.

வெஸ்ட்ஃபீல்டு வீடு

அப்கார் 1909 ஜூன் 7 அன்று நியூஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்டு ஊரில் பிறந்தார். மூன்று குழந்தைகளில் இளையவர். அண்ணன்மார் இருவரில் ஒருவர் சிறுவயதிலேயே காசநோய்க்கு இரையானார். மற்றவரோ தீராத தோல் நோயால் துன்புற்றார். நோயும் மரணமும் அந்த வீட்டுக்குப் புதியவை அல்ல. தந்தை சார்லஸ் அப்கார் அலுவலகப் பணி போக மீதி நேரமெல்லாம் வானொலிக் கருவிகளோடும் தொலைநோக்கியோடும் இருந்தவர். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915ஆம் ஆண்டில், நியூயார்க் அருகே சேவில் என்ற இடத்தில் இருந்த ஜெர்மானிய வானொலி நிலையத்தின் ஒலிபரப்புகளை மெழுகு உருளைகளில் பதிவுசெய்து அமெரிக்க அரசிடம் ஒப்படைத்தார். சிறு ஒலிக்குறிகளைக் கூர்ந்து கேட்பதும் உடனுக்குடன் பதிந்துவைப்பதும் அந்த வீட்டின் அன்றாடப் பழக்கங்கள். மகளுக்கு அவை சிறுவயதிலேயே படிந்தன. இசையும் அந்த வீட்டில் இருந்தது. வர்ஜீனியா இளமையிலேயே வயலின் கற்றார்.

மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் விலங்கியல் படித்து 1929இல் பட்டம் பெற்றார். படிப்புச் செலவுக்காகப் பல சிறு வேலைகள் பார்த்தார். விலங்கியல் ஆய்வுக்கூடத்துக்குத் தெருப் பூனைகளைப் பிடித்துத் தருவது அவற்றில் ஒன்று. அதே ஆண்டு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவர் சேர்ந்த சில வாரங்களிலேயே பங்குச்சந்தை வீழ்ந்து அமெரிக்காவே பொருளாதாரப் பெருமந்தத்தில் மூழ்கியது. ஏறத்தாழ 90 பேர் இருந்த வகுப்பில் பெண்கள் ஒன்பது பேர்தான். கடன் சுமையோடு படித்து, 1933இல் வகுப்பில் நான்காவது மாணவியாகத் தேறினார்.

மூடிய கதவும் திறந்த கதவும்

அறுவை மருத்துவராக வேண்டும் என்பதே அப்காரின் விருப்பம். பயிற்சியிலும் திறமை காட்டினார். ஆனால், அறுவைத் துறைத் தலைவர் ஆலன் விப்பிள் அவரைத் தடுத்தார். தாம் பயிற்றுவித்த பெண் அறுவை மருத்துவர்களால் தொழிலில் நிலைக்க முடியவில்லை என்பதும், மந்தக் காலத்தில் ஆண்களுக்கே வாய்ப்பு அரிது என்பதும் அவர் சொன்ன காரணங்கள். மயக்கவியலை எடுத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தினார். அன்றைய அமெரிக்காவில் மயக்க மருந்து கொடுப்பது பெரும்பாலும் செவிலியரின் வேலை. மருத்துவருக்குரிய தனித் துறையாக அது இன்னும் மதிக்கப்படவில்லை. ஆனால், மயக்கவியல் வளராமல் அறுவை மருத்துவம் வளராது என்பதை விப்பிள் உணர்ந்திருந்தார்.

அப்கார் அந்த அறிவுரையை ஏற்றார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் வாட்டர்ஸ் என்பவரிடம் 1937இல் பயிற்சிக்குச் சென்றார். பயிற்சி மருத்துவர்களுக்கான விடுதியில் பெண்ணுக்கு இடமில்லை. தங்குவதற்கு இடம் தேடி மாறிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பின்னர் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையிலும் பயின்றுவிட்டு, 1938இல் கொலம்பியாவுக்கே மயக்கவியல் பிரிவின் தலைவராகத் திரும்பினார். அந்த மருத்துவமனையில் ஒரு பிரிவுக்குத் தலைமையேற்ற முதல் பெண் அவர். ஊதியம் குறைவு, ஆள் பற்றாக்குறை, அறுவை மருத்துவர்களின் அலட்சியம் ஆகிய மூன்றுக்கும் நடுவே பதினோரு ஆண்டுகள் அந்தப் பிரிவைக் கட்டி எழுப்பினார்.

1949இல் அது முழுத் துறையாக உயர்த்தப்பட்டது. தலைமைப் பதவியோ இம்மானுவேல் பேப்பர் என்ற ஆண் மருத்துவருக்குச் சென்றது. அப்காருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. அந்த மருத்துவக் கல்லூரியில் முழுப் பேராசிரியரான முதல் பெண் என்ற பெருமை அவருக்கு உண்டு. ஆயினும், தாம் வளர்த்த துறையின் தலைமை கைநழுவியது கசப்பாகவே இருந்திருக்க வேண்டும். நிர்வாகச் சுமை நீங்கிய அவர், மகப்பேறு மயக்கவியலில் முழுக் கவனம் செலுத்த ஸ்லோன் மகளிர் மருத்துவமனைக்குச் சென்றார். பச்சிளம் குழந்தைகளின் வரலாறு அங்கேதான் திரும்பியது.

யாரும் பார்க்காத நிமிடம்

அந்நாளில் பிரசவ அறையில் இருந்த எல்லோருடைய கண்களும் தாயின் மேல்தான் இருந்தன. அதற்குக் காரணமும் உண்டு. பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் ஊரில் சொல்வது அனுபவத்தில் விளைந்த சொல். தாயின் உயிர் ஊசலாடும் நேரம் அது. நச்சுக்கொடி வெளிவர வேண்டும், இரத்தம் நிற்க வேண்டும், கிழிசலைத் தைக்க வேண்டும். இந்தப் பரபரப்பில், அழாமல் நீலம் பாரித்துத் துவண்டு கிடக்கும் குழந்தை துணியில் சுற்றி ஓரமாக வைக்கப்படுவது உண்டு. இறந்து பிறந்தது என்று கணக்கில் எழுதப்பட்ட குழந்தைகளில் சில, உதவி கிடைத்திருந்தால் மூச்சு விட்டிருக்கக்கூடியவை. சிலவற்றைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினார்கள். சிலவற்றின் மேல் குளிர்ந்த நீர் தெளித்தார்கள். எந்தக் குழந்தைக்கு உதவி தேவை, எதற்குத் தேவையில்லை என்று பிரித்தறியும் முறை மட்டும் இருக்கவில்லை.

பலவீனமான குழந்தைகளைக் காக்கும் முயற்சியே அதுவரை இல்லை என்று கூற முடியாது. நம் புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் இதில் முன்னோடிகள். கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைக் கண்ட எத்தியேன் தார்னியே என்ற மகப்பேறு மருத்துவர், அதே முறையில் குறைமாதக் குழந்தைகளுக்கான வெப்பப் பெட்டியை 1880களின் தொடக்கத்தில் பாரிஸில் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் பியேர் புதேன், குழந்தைகளின் எடையை முறையாகக் கண்காணிக்கும் ஆலோசனை நிலையத்தை 1892இல் தொடங்கினார். வெப்பம், தாய்ப்பால், எடை என்று இவர்கள் வகுத்த பாடங்கள் இன்றும் மாறவில்லை. ஆனால், அவை குழந்தை பிழைத்த பிறகு வரும் நாட்களுக்கான பாடங்கள். பிறந்த முதல் நிமிடத்துக்குப் பாடம் எழுதப்படாமலே இருந்தது.

அந்த நிமிடத்தில் நடப்பது மனித உடலின் மிகப் பெரிய மாற்றங்களுள் ஒன்று. கருவறையில் குழந்தையின் நுரையீரலில் காற்று இல்லை, திரவமே நிறைந்திருக்கிறது. ஆக்சிஜன் தொப்புள்கொடி வழியே வருகிறது. பிறந்த சில நொடிகளில் குழந்தை தானே மூச்சிழுத்து, அந்தத் திரவத்தை விலக்கி, நுரையீரலின் காற்றறைகளைத் திறக்க வேண்டும். அது நிகழாவிட்டால் இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும், அமிலத்தன்மை ஏறும், இதயத்துடிப்பு தளரும். ஆக்சிஜனுக்கு மிகவும் ஏங்கும் உறுப்பாகிய மூளை முதலில் அடிபடும். மூச்சுக்கும் மூளைக்கும் இடையே இருப்பது சில நிமிடங்கள் மட்டுமே.

ஐந்து கேள்விகள்

மருத்துவமனை உணவகத்தில் ஒரு காலை வேளையில், பிறந்த குழந்தையின் நிலையை எப்படி மதிப்பிடுவது என்று ஒரு மாணவர் கேட்டாராம். அப்கார் அருகில் கிடந்த தாளில் ஐந்து குறிப்புகளை எழுதினார். எழுதியதைச் சோதித்துப் பார்க்க உடனே பிரசவ அறைக்கு விரைந்தார் என்று மருத்துவ உலகில் வழங்கும் செய்தி கூறுகிறது. அந்தக் குறிப்புகளை 1952இல் ஒரு மாநாட்டில் முன்வைத்து, 1953இல் ஆய்விதழில் வெளியிட்டார். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி முடிவதற்கு முந்தைய ஆண்டு அது.

குழந்தை முழுமையாக வெளிவந்து 60 நொடிகள் ஆனதும் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது? மூச்சு எப்படி இருக்கிறது? கைகால்களை மடக்கி அசைக்கிறதா, துவண்டு கிடக்கிறதா? தூண்டினால் முகம் சுளிக்கிறதா, தும்முகிறதா? உடலின் நிறம் என்ன? ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என மதிப்பெண். கூட்டினால் பத்துக்கு எத்தனை என்று வரும். இதயத்துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டினால் 2. நூறுக்குக் கீழே 1. துடிப்பே இல்லையென்றால் 0. இதற்குக் கருவி வேண்டாம், ஆய்வுக்கூடம் வேண்டாம். கடிகாரமும் கவனமும் போதும். நியூயார்க்கின் பெரிய மருத்துவமனைக்கும் பாகூரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரே அளவுகோல் பொருந்தியது இதனால்தான்.

இதில் இரண்டு நுட்பங்களை நான் மிகவும் மதிக்கிறேன். முதலாவது, பிரசவம் பார்த்தவரே மதிப்பெண் போடக் கூடாது என்று அப்கார் வலியுறுத்தினார். தம் கையால் பிறந்த குழந்தைக்குப் பத்துக்குப் பத்து போடும் ஆசை யாருக்கும் வரும் என்பதை அவர் அறிந்திருந்தார். வேறொருவர் பார்த்து எழுத வேண்டும் என்ற அந்த விதியால், பிரசவ அறையில் குழந்தைக்கென்று ஒரு தனி ஆள் நிற்க வேண்டியதாயிற்று. இரண்டாவது, ஐந்தில் நிறம்தான் மிகவும் நம்பத்தகாத குறி என்று முதல் கட்டுரையிலேயே எழுதினார். பிறவியிலேயே தோலுக்கு இருக்கும் கருமை அந்தக் குறியை மயக்கும் என்றும் கண்டிருந்தார். நம் குழந்தைகளிடம் உதட்டையும் நாவையும் பார்த்தே நிறத்தைத் தீர்மானிக்கிறோம். தம் அளவுகோலின் குறையைத் தாமே முதலில் சொன்ன நேர்மையை இன்றைய ஆய்வாளர்களும் கற்க வேண்டும்.

முதல் ஆய்வில் 1,021 குழந்தைகள் மதிப்பிடப்பட்டனர். 0 முதல் 2 வரை பெற்றவர்களில் 14 விழுக்காட்டினர் இறந்தனர். 8 முதல் 10 வரை பெற்றவர்களில் இறப்பு 0.13 விழுக்காடு. 1958இல் வெளியான அடுத்த ஆய்வு 15,348 குழந்தைகளை உள்ளடக்கியது. முடிவு மாறவில்லை. ஸ்டான்லி ஜேம்ஸ், டங்கன் ஹாலடே ஆகிய இரு மருத்துவர்களோடு சேர்ந்து குழந்தைகளின் இரத்தத்தை அளந்தார். மூச்சு தாமதமான குழந்தைகளின் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தும் அமிலம் மிகுந்தும் இருப்பது எண்களில் புலப்பட்டது. தாய்க்குச் சைக்ளோபுரோபேன் என்ற மயக்க வாயு கொடுக்கப்பட்டபோது குழந்தைகள் கூடுதலாகத் துவண்டு பிறப்பதும் தெரியவந்தது. அது அப்கார் பெரிதும் விரும்பிப் பயன்படுத்திய வாயு. முடிவைக் கண்டதும் பிரசவத்தில் அதைக் கைவிட்டார்.

1962இல் டென்வர் நகரக் குழந்தை மருத்துவர் ஜோசப் பட்டர்ஃபீல்டு, அப்கார் என்ற பெயரின் ஐந்து ஆங்கில எழுத்துகளையே ஐந்து குறிகளின் முதலெழுத்துகளாக அமைத்து மாணவர்களுக்கு ஒரு நினைவுக் குறிப்பு தந்தார். பெயர் சுருக்கமானது இப்படித்தான். புகழ் பரவியது, ஆள் மறைந்துபோனார்.

மதிப்பெண் அன்று, அழைப்பு

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட கலக்கத்துக்கு வருகிறேன். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தரப்படும் தாளில், ஒரு நிமிடத்தில் 4, ஐந்து நிமிடத்தில் 7 என்று எழுதியிருக்கும். சில மாதங்கள் கழித்து அந்தத் தாளோடு பெற்றோர் வருவார்கள். பிள்ளை சிரிக்கும், தலை நிமிர்த்தும், குரல் கேட்டுத் திரும்பும். ஆனால், தாயின் விரல் அந்த 4இன் மேல் நிற்கும். பிறக்கும்போதே பிள்ளை தேர்வில் தோற்றுவிட்டது போலவும், பிற்காலத்தில் படிப்பு வராது என்று யாரோ எழுதிக் கொடுத்துவிட்டது போலவும் அவர்கள் பேசுவார்கள். உறவினர் யாரேனும் அப்படிச் சொல்லியும் இருப்பார்கள். எல்லாவற்றையும் மதிப்பெண்ணால் அளக்கும் சமூகத்தில் முதல் மதிப்பெண் முதல் நிமிடத்திலேயே வந்துவிடுகிறது.

அந்த எண் பிள்ளையின் அறிவைக் குறித்த சோதிடம் அன்று. இந்தக் குழந்தைக்கு இப்போதே உதவி தேவை என்று அறையில் இருப்பவர்களை நோக்கிக் குழந்தை விடுக்கும் அழைப்பு அது. உதவி கிடைத்து, ஐந்தாம் நிமிடத்தில் 7 ஆகிவிட்டால் அழைப்புக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றே பொருள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கேரன் நெல்சன், ஜோனஸ் எல்லன்பெர்க் ஆகிய இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஏறத்தாழ 49,000 குழந்தைகளைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்து 1981இல் முடிவை வெளியிட்டனர். பெருமூளை வாதம் கண்ட குழந்தைகளில் 73 விழுக்காட்டினர் ஐந்தாம் நிமிடத்தில் 7 முதல் 10 வரை பெற்றவர்கள். மறுபுறம், பத்து நிமிடங்களுக்குப் பிறகும் 3ஐத் தாண்டாமல் இருந்து, பின்னர் பிழைத்த குழந்தைகளில் 80 விழுக்காட்டினருக்குப் பள்ளி செல்லும் வயதில் பெரிய குறைபாடு எதுவும் இல்லை. பத்தாம் நிமிடத்தின் எண்ணே வாழ்க்கையை முடிவுசெய்யவில்லை என்றால், முதல் நிமிடத்தின் எண்ணைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும்? நீடித்த தாழ்நிலையைக் கவனமாகப் பின்தொடர்வது மருத்துவரின் கடமை. அந்தக் குழந்தைகளுக்குக் கண், செவி, தசை, வளர்ச்சிப் படிகள் ஆகியவற்றைக் காலந்தோறும் பார்க்க வேண்டும். அச்சம் வேறு, கவனிப்பு வேறு.

மருத்துவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. மதிப்பெண் போடுவதற்காக ஒரு நிமிடம் காத்திருக்கக் கூடாது. மூச்சு விடாத குழந்தையைத் துடைத்து, வெப்பம் காத்து, தூண்டி, அப்போதும் மூச்சு வராவிட்டால் முகமூடியும் காற்றுப் பையும் கொண்டு அந்த முதல் நிமிடத்துக்குள்ளேயே மூச்சளிக்கத் தொடங்க வேண்டும். மதிப்பெண் நடந்ததைப் பதிகிறது; செயல் அதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு ஏதேனும் உதவி தேவைப்படும். நூறில் ஒன்றுக்கும் குறைவானவற்றுக்கே மருந்து, இதய அழுத்தம் போன்ற பெரிய சிகிச்சை தேவைப்படும். எஞ்சியவற்றைக் காப்பாற்றத் தேவையானவை ஒரு துணி, ஒரு காற்றுப் பை, பயிற்சி பெற்ற ஒரு கை. இந்தப் பயிற்சியைச் சுகாதார நிலையச் செவிலியர்வரை கொண்டுசெல்ல இந்திய அரசு 2009இல் தனித் திட்டமே தொடங்கியது.

கோரிமேட்டில் தொடரும் தேடல்

மூச்சு தாமதமாகி மூளை அடிபட்ட குழந்தைக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு அப்கார் காலத்தில் விடை இல்லை. பின்னாளில் ஓர் உண்மை தெரியவந்தது. ஆக்சிஜன் குறைந்தவுடன் மூளைச் செல்கள் அனைத்தும் உடனே மடிவதில்லை. சில மணி நேர இடைவெளிக்குப் பிறகே இரண்டாவது அழிவு தொடங்குகிறது. அந்த இடைவெளியாகிய முதல் ஆறு மணி நேரத்துக்குள் குழந்தையின் உடல் வெப்பத்தை 33 – 34 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறைத்து, 72 மணி நேரம் அந்நிலையில் வைத்தால் மூளை காக்கப்படும் என்று மேலைநாட்டு ஆய்வுகள் காட்டின. ஆனால், அதற்கான இயந்திரங்கள் விலை மிகுந்தவை.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி 1823இல் நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழிவந்து, 1964இல் நேருவின் பெயர் பெற்ற ஜிப்மர் இந்தத் தேடலில் பங்கேற்றது. விலை உயர்ந்த இயந்திரத்துக்குப் பதிலாகக் குளிரூட்டிய ஜெல் பொதிகளைக் கொண்டு குழந்தைகளைக் குளிர்விக்க முடியுமா என்று கோரிமேட்டு மருத்துவர்கள் ஆராய்ந்து, பயன் இருக்கிறது என்ற முடிவை 2012இல் வெளியிட்டனர். பின்னர் இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. அதில் குளிர்வித்தல் பயன் தரவில்லை. குளிர்விக்கப்பட்டவர்களிடையே இறப்பு கூடுதலாகவே இருந்தது. நம் நாட்டுக் குழந்தைகளுக்கு மூளைப் பாதிப்பு நேரும் விதமும் காலமும் மேலைநாட்டிலிருந்து வேறுபடக்கூடும் என்ற விவாதம் இன்னும் தொடர்கிறது. முதல் ஆறு மணி நேரத்தில் என்ன செய்வது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. முதல் ஒரு நிமிடத்தில் என்ன செய்வது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அப்கார் சுட்டிய இடம் அதுதான்.

ஐம்பது வயதில் புதிய பாதை

புகழின் உச்சியில் இருந்த அப்கார் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்து, 1959இல் பொது சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றார். புள்ளியியலைச் சரியாகக் கற்க வேண்டும் என்பது அவரது விருப்பம். அதே ஆண்டு மயக்கவியலை விட்டு, போலியோ ஒழிப்புக்காகத் தொடங்கப்பட்ட ‘மார்ச் ஆஃப் டைம்ஸ்’ அறக்கட்டளையில் பிறவிக் குறைபாடுகள் பிரிவின் தலைவரானார். அப்போது அவருக்கு வயது ஐம்பது. குறையோடு பிறந்த குழந்தையை வீட்டுக்குள் மறைத்துவைக்கும் வழக்கம் அமெரிக்காவிலும் அன்று இருந்தது. ஊர் ஊராகப் பயணம் செய்து, பொதுமக்களிடம் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். 1972இல் பெற்றோருக்காக ஜோன் பெக் என்பவரோடு இணைந்து ஒரு நூலும் எழுதினார்.

1964-65இல் அமெரிக்காவைத் தாக்கிய ருபெல்லா கொள்ளைநோயால் சுமார் 20,000 குழந்தைகள் கண், செவி, இதயக் குறைபாடுகளோடு பிறந்தன. தாய்க்கு வந்த இலேசான காய்ச்சல் கருவின் மூளையைத் தாக்கும் என்பதை அப்கார் ஓயாமல் எடுத்துரைத்து, தடுப்பூசிக்காக வாதாடினார். அந்தத் தடுப்பூசி அங்கே 1969இல் வந்தது. இந்தியாவில் தட்டம்மை – ருபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தொடங்கியபோது, முதல் கட்டத்திலேயே இடம்பெற்ற பகுதிகளில் தமிழ்நாடும் புதுச்சேரியும் இருந்தன. அன்று வதந்திகளுக்கு அஞ்சித் தடுப்பூசியைத் தவிர்க்க நினைத்த பெற்றோர் பலரிடம் பேச வேண்டியிருந்தது. அப்போதெல்லாம் இந்தப் பெண்மணியின் பயணங்களை எண்ணிக்கொள்வேன்.

கடுமையான உழைப்பாளி என்றாலும் அவர் கடுகடுப்பானவர் அல்லர். வேகமாகப் பேசுவார், விரைவாக நடப்பார், நகைச்சுவை மிகுந்தவர். மூச்சு நின்ற எவரையும் எந்த இடத்திலும் காப்பாற்றும்பொருட்டு, சிறு கத்தியும் மூச்சுக்குழாயும் பையில் வைத்திருப்பார். கார்லீன் ஹட்சின்ஸ் என்ற நோயாளி அவருக்கு இசைக்கருவிகள் செய்யக் கற்றுக்கொடுத்தார். வயலின், வயோலா, செல்லோ ஆகியவற்றைத் தம் கையாலேயே செய்தார். மருத்துவமனைத் தொலைபேசி அறை ஒன்றில் இருந்த மேப்பிள் மரப் பலகை வயோலாவுக்கு ஏற்றது என்று கண்டு, இருவரும் ஓரிரவில் அதைக் கழற்றிக்கொண்டு வேறு பலகையைப் பொருத்திய கதை அங்கே வெகு பிரபலம். வயது ஐம்பதைத் தாண்டிய பிறகு விமானம் ஓட்டவும் கற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. கல்லீரல் நோயால் 1974 ஆகஸ்ட் 7 அன்று, தாம் பயின்ற அதே மருத்துவமனையில் காலமானார். வயது 65. இருபது ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. தபால்தலை சேகரிப்பில் ஈடுபாடு கொண்டிருந்த அவருக்குப் பொருத்தமான சிறப்பு அது.

கேட்க வேண்டிய கேள்வி

வளர்ச்சி தாமதமான குழந்தையை அழைத்துவரும் தாயிடம் குழந்தை மருத்துவர்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: பிறந்தவுடன் பிள்ளை அழுததா? வருத்தமான கேள்வி, தேவையான கேள்வியும்கூட. ஆனால், அது காலம் கடந்து கேட்கப்படும் கேள்வி. அதற்கு முன்பே, பேறுகாலத்துக்கு இடம் தேடும் குடும்பங்கள் மருத்துவமனையிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பிரசவ நேரத்தில் குழந்தையை மட்டும் கவனிப்பதற்கென்று, மூச்சளிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் அறையில் இருப்பாரா? காற்றுப் பையும் முகமூடியும் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்குமா? அறையின் வசதி, குளிர்சாதனம், கட்டணம் ஆகியவற்றைப் பற்றிப் பல கேள்விகள் கேட்கும் நாம் இதைக் கேட்பதில்லை. அரசு மருத்துவமனைகளின் நிர்வாகிகளும் ஒவ்வொரு பணிநேரத்துக்கும் இந்தக் கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இரவு இரண்டு மணிக்கு இரண்டு பிரசவங்கள் ஒரே நேரத்தில் நடக்கும்போது அந்த ஆள் இருப்பாரா என்பதுதான் உண்மையான சோதனை.

அறுவை மருத்துவராக முடியாமல், தாம் வளர்த்த துறைக்குத் தலைவராகவும் முடியாமல், பிரசவ அறைக்கு வந்து சேர்ந்த ஒரு பெண், அங்கே எல்லோரும் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது குழந்தையின் பக்கம் திரும்பி நின்றார். குழந்தைக்கென ஓர் ஆள் அங்கே நிற்கும் இடத்தில்தான் ‘சேயும் நலம்’ என்று மனமறிந்து சொல்ல முடியும்.